நரம்பு

எங்கள் ஊரில் தூண்டில் கயிற்றை யாரும் கயிறு என்று சொல்வதில்லை. நரம்பு. சிங்காநல்லூர்ப் பெட்டிக்கடைகளில் பம்பரக் கயிற்றுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாகத் தொங்கும். "அண்ணா, தூண்டி நரம்பு அஞ்சு மொழம்" என்று கேட்டால் கடைக்காரர் முழங்கையில் அளந்து வெட்டித் தருவார். கூடவே காகிதத்தில் மடித்து இரண்டு முள். மற்றதெல்லாம் காசில்லாமல் கிடைத்தன. வேலி மூங்கிலில் ஒரு கோல். காய்ந்த சோளத்தட்டையை உரித்தால் உள்ளிருக்கும் நெட்டி தக்கையாகும். வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணைக் கிளறினால் மண்புழு. ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குவோம். நொய்யல் தண்ணீர் வந்து நிற்கும் குளத்தில் ஜிலேபிக் கெண்டை பிடிக்க அது போதும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்க நேர்ந்ததே இல்லை. இருந்தது அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகள் கழித்து டெக்ஸாஸில் மீன்பிடிப் பொருள்கள் மட்டுமே விற்கும் ஒரு கடைக்குள் போய் நின்றேன். கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிய கடை. ஒரு சுவர் முழுக்கக் கோல்கள், கரும்புக் காட்டைப் போல. எதிர்ச் சுவரில் பொய்யிரைகள்: மெல்லிய பிளாஸ்டிக் புழுக்கள், வண்ணம் பூசிய மரமீன்கள், சுழலும் பித்தளைத் தகடுகள், ரப்பர் இழைகளைக் குஞ்சமாகக் கட்டிய ஈயத் தலைகள். புழுவில் மட்டுமே நூறு நிறமாவது இருந்திருக்கும். அன்று முப்பதுக்கும் மேற்பட்ட பொய்யிரைகளை வாங்கி வந்தேன். இன்று என் பெட்டியில் இருப்பவை நான்கு வகை. முப்பதிலிருந்து நான்குக்கு வர மூன்று வருடம் ஆனது. புதிதாகத் தூண்டில் பிடிக்க ஆசைப்படும் நண்பர்கள் என்ன வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். பட்டியல் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அந்த மூன்று வருடத்தில் நான் கற்றது எதுவும் பட்டியலுக்குள் வராது.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் துரத்துவது பெருவாய் பாஸ். பெயர்தான் பாஸ், கடல் பாஸ்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. வட அமெரிக்க நன்னீரின் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. லாசெபேட் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1802இல் இந்தப் பேரினத்துக்கு மைக்ரோப்டெரஸ் என்று பெயர் வைத்தார். சிறுதுடுப்பு என்று பொருள். அவர் கைக்குக் கிடைத்த மாதிரி இதன் உறவான சிறுவாய் பாஸ். அதன் முதுகுத் துடுப்பு சிதைந்து ஒரு துண்டு தனித்து நின்றது. இந்த மீனுக்குத் தனியாக ஒரு சின்னத் துடுப்பு உண்டு என்று அவர் எண்ணிக்கொண்டார். ஒரு மீனுக்குப் பட்ட காயம் பேரினம் முழுவதற்கும் பெயராகி இருநூறு வருடமாக நிலைத்துவிட்டது.

எனக்கு இது விராலின் அண்ணன் தம்பியாகவே படுகிறது. உறவுமுறையில் அல்ல, குணத்தில். பாசி ஓரத்திலோ மூழ்கிய மரத்தின் அடியிலோ படகுத்துறையின் நிழலிலோ அசையாமல் நிற்கும். வெகுதூரம் விரட்டிப் போகாது. எல்லைக்குள் வந்ததும் வாயைத் திறக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. உள்ளே போனது உயிரில்லாதது என்று தெரிந்தால் வந்த வேகத்திலேயே துப்பியும் விடுகிறது. உறிஞ்சுவதற்கும் துப்புவதற்கும் நடுவே உள்ள சிறுபொழுதுதான் கரையில் நிற்பவனுக்குக் கிடைக்கும் நேரம். கோல், ரீல், நரம்பு எல்லாமே அந்தப் பொழுது நம் விரலுக்கு எட்டவேண்டும் என்பதற்காகத்தான். இது எனக்கு அன்று தெரியாது.

தெரியாததால் கடையிலேயே அழகான ரீலை வாங்கினேன். கோலின் மேல் உட்காரும் வகை, பேட்காஸ்டர் என்பார்கள். வீசும்போது இதன் உருளையே சுழன்று நரம்பை விடும். வீசிய இரை காற்றில் வேகம் குறையும்போது உருளை வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே போக இடமில்லாத நரம்பு உருளைக்குள்ளேயே பொங்கிச் சிக்கலாகும். கட்டைவிரலை உருளைமேல் பூப்போல் வைத்து அந்த வேகத்தை அடக்கக் கற்றவர்கள் இதைக்கொண்டு அற்புதம் செய்கிறார்கள். நான் ஒரு மாதம் கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். வார இறுதிகள் எல்லாம் அதிலேயே போயின. பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, கோலின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல் ஒன்று வாங்கினேன்.

அன்றிரவு வீடியோ அழைப்பில் அப்பாவிடம் அதைக் காட்டினேன். அப்பா கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். முதலில் ரிங் பிரேமில் சைடர், பிறகு கோன் வைண்டிங். கேமராவுக்கு அருகில் பிடித்து நரம்பை இழுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங் கண்ணு, பாபின் சுத்தலையே. அது நிக்குது, நூலு தலை வழியா உருவிட்டு வருது."

"ஆமாங்ப்பா."

"நம்ம கோன் வைண்டிங்குல அப்பிடித்தான. இதெ எவனோ மில்லுக்காரன்தான் கண்டுபுடிச்சிருப்பான்."

அவர் சொன்னது அப்படியே உண்மை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் இங்கிலாந்தின் பிராட்போர்டு வட்டாரத்து நெசவாலைக் குடும்பத்தவர். ஆலையில் நிற்கும் கண்டிலிருந்து நூல் நுனிவழியாக உருவி ஓடுவதைப் பார்த்த கண்ணோடு தூண்டிலைப் பார்த்தார். 1905இல் காப்புரிமை வாங்கினார். உருளை நிற்கிறது, சுழல வேண்டிய பாரம் எதுவும் இல்லை, ஆகவே இலேசான இரையும் தூரம் போகிறது, சிக்கலும் குறைவு. ரீலின் வரலாற்றைப் பார்த்தால் இப்படிப்பட்டவர்களே வருகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெண்டக்கியில் பற்சக்கரம் வைத்த ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். பொத்தானை அழுத்தி வீசும் மூடிய ரீலை யோசித்த ஆர்.டி. ஹல் டெக்ஸாஸின் கடிகாரக்காரர். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் நூல் அசையாத உருளையிலிருந்து உருவி வருவதைக் கண்டதும் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அதைத் தயாரிக்க முன்வந்த துல்சா நகர நிறுவனம் அதுவரை எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்தது. அந்த மூடிய ரீல் குழந்தைகளுக்கு நல்லது. பெரியவர்கள் நேரே ஸ்பின்னிங் ரீலுக்கு வந்துவிடலாம். 2500 என்று அளவு போட்டிருக்கும், அது போதும்.

அப்பா அத்தோடு விடவில்லை. "தலை வழியா உருவுனா ஒரு சுத்துக்கு ஒரு முறுக்கு ஏறுமே கண்ணு. அதெ எங்க கொண்டுபோயி எறக்குவே?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரமே நரம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு கோலின் வளையங்களில் மாட்டியது. காரணம் பிறகு புரிந்தது. ரீலில் சுற்றும்போது ஏறும் முறுக்கு வீசும்போது பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலின் பிடி நழுவி நரம்பை விட்டுக்கொடுக்கிறது. அந்த நேரத்தில் பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு அங்குலம்கூட உள்ளே வராது. முறுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மீன் ஓடும்போது கையை நிறுத்த வேண்டும். அது நிற்கும்போது சுற்ற வேண்டும். கடையில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பாஸ் மீனையும் பார்த்திராத ஒருவர் கேட்டார்.

கோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறரை அடியிலிருந்து ஏழடி. அட்டையில் இரண்டு சொற்கள் இருக்கும். பவர் என்பது கோல் வளைய எவ்வளவு இழுப்பு வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்றிருப்பதை எடுத்தால் நுனிமட்டும் வளையும், உடம்பு நிற்கும். கண்ணாடியிழைக் கோலைவிடக் கரியிழைக் கோல் எடை குறைந்தது, அதிர்வை நன்றாகக் கடத்துவது. கையிலிருக்கும் காசை ரீலில் கொஞ்சம் குறைத்துக் கோலில் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்பது என் எண்ணம். ரீல் நரம்பைச் சேர்த்து வைக்கிறது. கோல்தான் பேசுகிறது.

அதைவிட முக்கியம் நரம்பு. மூன்று வகை விற்கிறார்கள். நைலான் பழையது, மலிவானது, இழுபடும். அந்த இழுபடும் குணத்தால் புதியவரின் அவசரத்தையும் வெடுக்கென்ற இழுப்பையும் தாங்கிக்கொள்ளும். ஃபுளுரோகார்பன் மூழ்கும், ஒளியை வளைப்பதில் அது தண்ணீருக்கு நைலானைவிட நெருங்கியது. தண்ணீருக்கு ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42. ஆகவே மீன் கண்ணுக்கு எளிதில் படாது என்கிறார்கள். மூன்றாவது, பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு. அநேகமாக இழுபடாது. முப்பது மீட்டர் தள்ளி முள் ஒரு கூழாங்கல்லைத் தொட்டால் இங்கே விரலில் தெரியும். முதல் பருவத்தில் பத்து பவுண்டு நைலானில் தொடங்குங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் பிரெய்டுக்கு மாறிய நாளை மறக்க மாட்டேன். நுனியில் ஒரு கை நீளத்துக்கு ஃபுளுரோகார்பனை இணைத்து வீசினேன். ஏரியின் அடி எனக்கு அன்றுதான் தெரிந்தது. இங்கே சேறு, இங்கே சரளை, இங்கே ஏதோ மரக்கிளை, மறுபடி சேறு. அதுவரை தண்ணீரின் மேல்பரப்பை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது. நரம்பு என்ற சொல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்படி வந்ததோ, அந்த நிமிடம் அதற்கு வேறு சொல் இல்லை என்று பட்டது.

ஆலையில் ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் பேச்சுக் கேட்காது. அப்பாவின் காது நாற்பது வயதிலேயே மந்தமாகிவிட்டது. "கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி வெரலு சொல்லிப்போடும், இழை அறுந்துருச்சுன்னு" என்பார். சின்ன வயதில் அதைப் பெருமைப் பேச்சு என்று நினைத்தேன். வலக்கையின் ஆள்காட்டி விரலை ரீலுக்கு மேலே நரம்பின் கீழ் வைத்துப் பிடிக்க இங்கே கற்றுத் தருகிறார்கள். அப்படி வைத்து நின்ற ஒரு மாலையில் நரம்பில் "டிக்" என்று ஒன்று வந்தது. ஓசை இல்லை; யாரோ அந்தக் கோடியில் நகத்தால் சுண்டியது போல. கோல் நுனி அசையவில்லை. நான் இழுத்தபோது மீன் இருந்தது.

இனி இரை. தமிழில் இந்தச் சொல்லை யோசித்துப் பார்க்கிறேன். உணவும் இரை, முள்ளில் குத்துவதும் இரை, பிடிபடுவதும் இரை. மூன்றுக்கும் ஒரே சொல் வைத்திருப்பது வறுமையால் அல்ல. குளத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்களுக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடையின் சுவரைப் பார்த்து இரை வாங்கினால் முப்பது வாங்குவோம். தண்ணீரைப் பார்த்து வாங்கினால் மூன்று நான்குதான் வாங்க முடியும். டெக்ஸாஸ் ஏரிகளில் பெரும்பாலானவை அணை கட்டி உண்டாக்கியவை. பல ஏரிகளில் மரங்களோடு நிலம் மூழ்கியிருக்கிறது. பாஸ் தின்பது ஷாட் என்ற வெள்ளிப் பொடிமீன், புளூகில் என்ற கைப்பிடியளவு சூரியமீன், சிங்கிறாலின் நன்னீர் உறவான கிராஃபிஷ், விழுந்த பூச்சி, தவளை. முள் மரத்தில் மாட்டக்கூடாது; தின்பவற்றில் ஒன்றின் சாயலாவது இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் விடையாக வந்தது பிளாஸ்டிக் புழு. ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் 1949இல் வீட்டு அடுப்பில் வினைல் காய்ச்சி அச்சில் ஊற்றி முதல் புழுக்களை விற்கத் தொடங்கினார்கள். பிறகு அவர்கள் வந்து சேர்ந்த ஊர் டெக்ஸாஸின் டைலர். டாலஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள். தோட்டாவைப் போன்ற கூம்புக் குண்டை முன்னால் விட்டு, முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கட்டும் முறைக்கு டெக்ஸாஸ் ரிக் என்றே பெயர். மரத்துக்குள்ளும் புல்லுக்குள்ளும் போய் வரும், மாட்டாது. குண்டு கால் அவுன்ஸ், அதாவது ஏழு கிராம். அதற்குக் குறைந்தாலும் நல்லதே.

இன்னொன்று குண்டே இல்லாதது. 1990களில் கேரி யமமோட்டோ கொண்டுவந்த சென்கோ. பார்த்தால் பென்சில் துண்டு. வாலில்லை, காலில்லை, கடையில் கண்ணை இழுக்காது. பிளாஸ்டிக்கில் நிறைய உப்புச் சேர்த்திருப்பதால் தன் எடையிலேயே மெல்ல மூழ்கும். நட்ட நடுவில் முள்ளைக் குத்தி வீசிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே இறங்கும். இழுக்கக்கூடாது. நரம்பு தளர்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது குதித்தாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன். எனக்கு முதல் பாஸ் இதில்தான் வந்தது. ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் மீன் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த கைகளுக்கு இது பெரிய பாடம். ஒரே ஒரு பொய்யிரை வாங்கக் காசிருக்கிறது என்று யாராவது கேட்டால் ஐந்து அங்குலச் சென்கோ, பூசணிப்பச்சை நிறம் என்பேன். கிராஃபிஷுக்கும் புளூகிலுக்கும் நடுவே இருக்கும் நிறம் அது.

மழை பெய்து ஏரி கலங்கினால் கண்ணுக்கு வேலையில்லை. மீனின் உடலோரம் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் அதிர்வைக் கேட்கும். அப்போது தகடு சுழலும் ஸ்பின்னர்பெயிட் ஒன்று வேண்டும். கலங்கலில் கருநீலமோ பளிச்சென்ற பச்சை மஞ்சளோ எடுபடும். நான்காவதாக, ஷாட் மீனைப்போல் நீந்தும் ஒரு சிறு மரமீன் அல்லது பிளாஸ்டிக் மீன். இவ்வளவே.

உயிருள்ள இரை பாவமா, பொய்யிரை ஏமாற்றா என்று கரையில் வாதிடுவார்கள். உலகிலேயே பெரிய பெருவாய் பாஸ் என்ற பதிவை இருவர் பங்கிட்டிருக்கிறார்கள். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி. பெருமந்தக் காலம். மழையால் உழவு நின்றதால் நண்பரோடு மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மர இரை என்று சொல்கிறார்கள். வந்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்கும் மேல். எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். எழுபத்தேழு வருடம் கழித்து, 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரீட்டா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். விதிப்படி இரண்டு அவுன்ஸ் மிஞ்சாததால் சமம் என்று அறிவித்தார்கள். அவருடைய முள்ளில் இருந்தது உயிருள்ள புளூகில். பாஸும் புளூகிலும் ஜப்பானுக்கு அமெரிக்காவிலிருந்து போனவை. இரண்டு மனிதர்களும் வாதத்தைத் தீர்த்துவைக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேறுபாடு ஒன்றுதான். உயிரிரையை மீன் விழுங்கிவிடுகிறது. முள் தொண்டைக்குள் போகிறது. விட்டாலும் பிழைப்பது கடினம். பொய்யிரையில் பெரும்பாலும் உதட்டில் மாட்டும். திருப்பி விடப்போகிறவன் இரையைத் தேர்வது இதை வைத்துத்தான். ஈயத்தைப் பல்லால் கடித்த பழக்கத்தையும் விட்டேன். தண்ணீரில் தொலையும் ஈயக்குண்டுகளை விழுங்கி நீர்ப்பறவைகள் சாகின்றன. டங்ஸ்டன் குண்டு விலை அதிகம்; ஆனால் கடினமானது, அடிமண்ணை இன்னும் தெளிவாக விரலுக்குச் சொல்கிறது. பிய்ந்த புழுக்களையும் ஏரியில் எறியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

பசிக்காமலும் பாஸ் இரையை எடுக்கும். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. வசந்தத்தில் தண்ணீர் பதினாறு பதினேழு டிகிரிக்குச் சூடேறும்போது ஆண் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து வாலால் மண்ணை விசிறித் தட்டுப்போல ஒரு வட்டம் செய்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரிந்து குஞ்சுகள் நீந்தும்வரை ஆண்தான் காவல். அந்த வட்டத்துக்குள் எது விழுந்தாலும் வாயில் கவ்வி அப்புறப்படுத்தும். அதனால் கூட்டின்மேல் புழுவைப் போட்டால் மீன் நிச்சயம். டெக்ஸாஸ் சட்டம் தடுக்கவில்லை. கரையிலிருந்தே அந்த வட்டம் வெள்ளையாகத் தெரியும்.

நான் இதைச் சிங்காநல்லூரில் பார்த்திருக்கிறேன். விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் பந்தாகத் திரண்டு நீர்மட்டத்தில் கொப்பளிக்கும். தாயும் தந்தையும் அடியில் நிற்கும். பெரிய பையன் ஒருவன் முள்ளில் தவளையைக் குத்தி அந்தப் பந்தின் நடுவில் இறக்கினான். தண்ணீர் வெடித்தது. முழங்கை நீளத்துக்கு விரால். நாங்கள் கூச்சலிட்டோம். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகளைச் சுற்றி ஜிலேபிகள் வந்தன. செம்மஞ்சள் மெல்ல மெல்லக் குறைந்தது. நான் கரையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் 1975இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். பிடிபட்ட பாஸ் ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். சில மீன்கள் மீண்டும் மீண்டும் வந்தன; சில ஒருமுறைகூட வரவில்லை. ஏரியை வடித்து இரண்டு கூட்டத்தையும் தனித்தனியே மூன்று தலைமுறை வளர்த்தார்கள். தூண்டிலுக்கு வரும் குணம் பிள்ளைகளுக்கும் போயிற்று. அந்த வழியில் வந்த பின்னாளைய ஆய்வொன்று சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எளிதில் தூண்டிலுக்கு வரும் ஆண்களே கூட்டை அதிகம் விட்டு அகலாமல் காப்பவை. அதாவது நாம் முதலில் பிடிப்பது நல்ல தகப்பன்களை.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வாளை மீன் வருகிறது. பாணன் தோற்பையில் இரை சுமந்து வந்து நீண்ட மூங்கில் தூண்டிலைப் போடுகிறான். வாளை இரையைக் கவ்விக்கொண்டு முள்ளுக்குத் தப்பிவிடுகிறது. அன்றிலிருந்து கரையில் நிற்கும் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினாலே அஞ்சுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்தக் கரையில் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். தப்பிய மீனின் கண்ணால் கோலைப் பார்த்திருக்கிறார். நான் இப்போது கரைக்குப் போனதும் முதலில் பார்ப்பது என் நிழல் எங்கே விழுகிறது என்பதை.

போன ஏப்ரலில் அப்பா வந்திருந்தார். டெக்ஸாஸில் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து மீன்பிடிக்க உரிமம் வேண்டாம். அதனால் ரே ராபர்ட்ஸ் ஏரிக்கு அழைத்துப் போனேன். கரையோரம் ஒரு கூடு இருந்தது. ஆண் அசையாமல் நின்றது. ஒரு புளூகில் நெருங்க, விரட்டிவிட்டு வந்து அதே இடத்தில் நின்றது.

"காவல் நிக்குதா?"

"ஆமாங்ப்பா. அது ஆம்பள."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஐம்பது அடி தள்ளிப் போனோம்.

அங்கே ஒரு மரக்கிளையில் நரம்பு அறுந்தது. முள்ளைக் கட்ட நான் புது நுனியை எடுத்தபோது அப்பா வாங்கிக்கொண்டார். அறுந்த நரம்பையும் புது நுனியையும் விரல்களுக்கிடையே வைத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆலை முடிச்சுப் போட்டுவிட்டார். எழுபது வயது விரல்கள் அப்படி ஓடும் என்று நான் நினைக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன். வழுக்கி அவிழ்ந்துவிட்டது. பருத்தி இழைக்குப் பிடிப்பு உண்டு, நைலானுக்கு இல்லை. மறுபடி போட்டார். மறுபடி வழுக்கியது. மூன்றாவது முறை அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முப்பத்து நாலு வருடத்தில் அந்த முடிச்சு அவரைக் கைவிட்டதில்லை. நரம்பின் இரு முனையையும் எதிரெதிராக வைத்து ஒன்றின்மேல் ஒன்று ஐந்து சுற்றுச் சுற்றும் முடிச்சைக் காட்டிக் கொடுத்தேன். இறுக்கும் முன் எச்சில் தொட வேண்டும் என்றேன். மீன் பிடிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மாலைவரை அதையே கட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது மீதியிருந்த நைலான் சுருளை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

சென்ற வாரம் பேசினார். ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டி இழுத்துப் பார்க்கிறாராம்.

"மெதுவா இறுக்கோணுங் கண்ணு. அவசரப்பட்டா சூடேறி நரம்பு செத்துப்போவுது. இப்பப் பத்துக்கு ஒம்பது நிக்குது."

"அந்தப் பத்தாவது?"

"அதெத்தான் பாத்துட்டு இருக்கறேன்" என்றார்.